'ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' படத்தை இப்போது பார்த்தால் ஃபெரிஸ் மேல் எரிச்சல் வருகிறதே, ஏன்?

காரணம் அவன் நண்பன் கேமரன். 1986-இல் வந்த ஜான் ஹியூஸின் இந்தப் படத்தில், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு சிகாகோவைச் சுற்றும் ஃபெரிஸ்தான் நாயகன். சின்ன வயதில் நாமும் அவனோடு ஜாலியாகச் சுற்றினோம். வளர்ந்த பிறகு, அந்த ஜாலிக்கு யார் தலை உருளப்போகிறது என்று கண் தேடுகிறது. உடம்பு முடியவில்லை என்று படுத்திருக்கும் நண்பனை நச்சரித்துக் கிளப்பி, அவன் அப்பா யாரையும் தொடவிடாத ஃபெராரியை எடுத்துக்கொண்டு போகிறான் ஃபெரிஸ். கேமரன் வேண்டாம் என்கிறான். யார் கேட்டது?

அருங்காட்சியகக் காட்சியை மறுபடி பாருங்கள். ஃபெரிஸும் அவன் காதலி ஸ்லோனும் முத்தமிட்டுக்கொண்டிருக்க, கேமரன், புள்ளி புள்ளியாக வரையும் பிரெஞ்சு ஓவியர் சூராவின் ஓவியத்தில் இருக்கும் ஒரு குழந்தையையே வெறித்துப் பார்க்கிறான். கேமரா அவன் கண்ணுக்கும் அந்தக் குழந்தை முகத்துக்கும் மாறி மாறி நெருங்கி, கடைசியில் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன. அன்று கொட்டாவி வந்த இடம் இது. இன்று எனக்குப் படமே இதுதான்.

சரி, ஃபெரிஸுக்கும் நியாயம் பேச வேண்டும். கார் நொறுங்கியதும் பழியை ஏற்க அவன் முன்வருகிறான். கேமரன்தான் மறுத்து, அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்கிறான்.

அப்புறம், மட்டம் போட்ட ஃபெரிஸைப் பிடிக்க அலையும் பள்ளி டீன் ரூனி செய்ததில் தப்பென்ன என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். மாணவன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் மனிதருக்கு எந்த வயதிலும் வக்காலத்து வாங்க முடியாது.