வைக்கோலிலிருந்து எத்தனால்: மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் ஐயா.

உயிரி எரிபொருள் துறைதான் வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், பயோடெக்னாலஜி சேர்த்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உயிரியல்-கணிதப் பிரிவில் படித்தவர் என்பதால் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆலையில் வேலை செய்வதுதான் ஆசை என்றால் கெமிக்கல் இன்ஜினீயரிங் சேருங்கள். ஏன் என்பது வைக்கோலிலிருந்து எத்தனால் (எரிபொருளாகும் ஆல்கஹால்) எடுக்கும் ஆலை எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் புரியும்.

ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயிலின் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். காய்ந்த வைக்கோலில் சுமார் 35 சதவீதம் செல்லுலோஸ், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நார்ப்பொருள். அது முழுக்கச் சர்க்கரையாகி, சர்க்கரை முழுக்க எத்தனாலானால், அதிலிருந்து மட்டுமே 250 லிட்டர் வர வேண்டும். ஈரத்தைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. அதைக் குறைக்கத் தெரிந்தவரைத்தான் ஆலைகள் தேடும்.

இழப்பின் பெரும்பகுதி முன்பதப்படுத்தும் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடும். செல்லுலோஸ் இழைகளை ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியும் லிக்னின் என்ற கெட்டியான பிசினும் மூடியிருப்பதால், செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம் உள்ளே நுழையாது. அதனால் வைக்கோலை நறுக்கி, சுமார் 1 சதவீதக் கந்தக அமிலத்தில் நனைத்து, 160 முதல் 190 டிகிரி நீராவியில் சில நிமிடங்கள் வேகவைத்து, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். நெல் அவிப்பதைப் போல இங்கும் பதம்தான் எல்லாம். வேக்காடு குறைந்தால் என்சைம் வீணாகும், அதுவோ விலை கூடிய சரக்கு. வேக்காடு மிஞ்சினால் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் சர்க்கரை ஃபர்ஃபுரால் என்ற நச்சுப் பொருளாகச் சிதையும். கூடவே அசிட்டிக் அமிலமும் சேர்ந்து, சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்டை முடக்கும்.

இயந்திரத் தொல்லை தனி. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், வயல் மண்ணும் ஒட்டிவரும். வெட்டும் கத்தியும் உள்ளே தள்ளும் திருகும் தேய்ந்துபோகும். அந்தத் திருகு வைக்கோலை இறுக்கமான அடைப்பாக அழுத்தித்தான் கலனின் நீராவியைத் தடுக்கிறது. ஈரப்பதம் மாறி அடைப்பு தளர்ந்தால் நீராவி பின்னோக்கிச் சீறும், ஆட்களுக்கே ஆபத்து. வெப்பம், அழுத்தம், அரிப்பு, பொருள் கணக்கு எல்லாம் கெமிக்கல் பாடத்திட்டத்தில் இருப்பவை.

உயிரியலுக்கு வேலை அடுத்த கட்டத்தில். அமிலத்தைச் சமன்செய்து, பிஎச் 5-ஐ ஒட்டி, 50 டிகிரியில் இரண்டு மூன்று நாள் என்சைம் வேலை செய்யும். பிறகு 32 டிகிரிக்குக் குளிர்வித்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது. தொடுகிற ஈஸ்டை உருவாக்குவது பயோடெக்னாலஜி ஆட்களின் பணி. மகளின் மனம் அதில்தான் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் எம்.டெக்., பிஎச்.டி. வரை போகும் உறுதி வேண்டும். வெறும் பி.டெக். பயோடெக்கோடு ஆலைப் பொறியாளர் வேலை தேடுவது கடினம்.

வைக்கோல் எத்தனால் ஆலைகள் இந்தியாவில் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அதை மட்டும் நம்பிப் படிக்கவைக்க வேண்டாம். மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு), தானிய எத்தனால் ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் இதே அறிவு உதவும். கரூர் டி.என்.பி.எல். காகித ஆலையில் கரும்புச் சக்கையைக் காரத்தில் வேகவைத்துக் கூழாக்குவது இதற்கு நெருங்கிய உறவு. கல்லூரி விடுமுறையில் அங்கே பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பட்டம் முடித்தபின் கான்பூர் தேசியச் சர்க்கரை நிறுவனத்தின் ஆல்கஹால் தொழில்நுட்ப முதுநிலை டிப்ளமோவையும் பரிசீலிக்கலாம்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. (கரைசலில் கலந்திருப்பவற்றைப் பிரித்து அளக்கும்) கருவி இருக்கிறதா, இளநிலை மாணவர்களைத் தொடவிடுகிறார்களா என்று கேளுங்கள். இறுதியாண்டுத் திட்டத்தில் 10 கிராம் வைக்கோலை 100 மில்லி நீர்த்த அமிலத்தில் ஆட்டோகிளேவில் (ஆய்வக நீராவி அழுத்தக் கலன்) 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது எந்தக் கல்லூரியிலும் முடியும். ஆனால் வழக்கமான டி.என்.எஸ். என்ற நிறமாற்றச் சோதனை சர்க்கரையின் மொத்த அளவைத்தான் காட்டும். குளுக்கோஸ் எவ்வளவு, சைலோஸ் எவ்வளவு, ஃபர்ஃபுரால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் கருவி வேண்டும்.