கொடுத்த ஆட்டை விற்றுவிட்டார்களே என்று கேட்டவருக்கு

போன வருடம் பத்துக் குடும்பங்களுக்கு ஆடு வாங்கிக் கொடுத்தீர்கள், ஏழு பேர் விற்றுவிட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். வீட்டில் அரிசி இல்லாதபோது ஆடு எத்தனை நாள் கொட்டிலில் நிற்கும்?

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் மிக ஏழைக் குடும்பங்களுக்காக 2002இல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். மாடோ ஆடோ கொடுப்பதோடு, அது பலன் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை, வளர்ப்புப் பயிற்சி, சேமிப்பு, அப்புறம் அடிக்கடி வீட்டுக்கே வந்து விசாரிக்கும் ஆள், எல்லாம் சுமார் 2 வருடம். இதே முறையை 6 நாடுகளில் சோதித்தபோது, உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் பலன் நீடித்தது. அந்த ஆறில் ஒன்றான, மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கியது, அங்கே கொடுத்த கோழிகள் பல நோயில் செத்துப்போயின. அதனால் கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பணம் குறைவா? சரி, இந்த முறை ஐந்து குடும்பம் போதும். மிச்சத்தை அந்தச் சாப்பாட்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள்.