சுவரில் தொங்குகிற படம் யாருடையது? ஓவியம் விற்பவர்களின் கேள்விகள்

கேள்வி: கேலரி பாதிக்குப் பாதி கமிஷன் கேட்கிறது. அநியாயம் இல்லையா?

இல்லை. நாற்பது முதல் ஐம்பது சதவீதம் பரவலான வழக்கம்தான். வாடகை, விளக்கு, திறப்பு விழா, வாங்குகிறவரோடு மாதக்கணக்கில் பேசுகிற பொறுமை எல்லாம் அதில் அடக்கம். படத்தை மாட்டவே உங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, விற்றால் கமிஷனும் கேட்கிற இடத்தைத்தான் நான் அநியாயம் என்பேன். அவர்களுக்கு வரும்படி உங்கள் பையிலிருந்தே வந்துவிட்டது. படத்தை விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு ஏது?

கேள்வி: கமிஷனை வரி சேர்த்த தொகையில் கணக்கிட்டார்கள். சரியா?

தவறு. படத்தின் விலை 10,000, வரி பத்து சதவீதம் என்று வையுங்கள். வாங்குகிறவர் 11,000 கொடுக்கிறார். அதில் 1,000 அரசுக்குப் போகிற பணம். வழியில் கேலரியின் கல்லாவில் தங்குகிறது, அவ்வளவுதான். மீதி 10,000-ல் பாதி, 5,000, உங்களுக்கு. 11,000-ல் பாதியை, 5,500-ஐ, கமிஷனாக எடுத்தால், வரி 1,000 போக உங்கள் கைக்கு 4,500தான் வரும். விலைச்சீட்டிலேயே வரியைச் சேர்த்து எழுதுகிற நாடுகளில் முதலில் வரியைப் பிரித்தெடுக்க வேண்டும். 11,000-ல் பத்து சதவீதம் என்று 1,100-ஐக் கழிக்காதீர்கள். உள்ளே இருக்கும் வரி 1,000தான். சில நாடுகளில் கேலரி தன் கமிஷன் மீது தனியாக வரி போடும். ‘ஐம்பது’ என்றால் அந்த வரியோடா, வரி இல்லாமலா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

கேள்வி: நான் பொழுதுபோக்குக்கு வரைபவன். விற்பனை வரி கட்ட வேண்டுமா?

எங்கே விற்றீர்கள், யார் பில் போட்டார்கள், வருடத்துக்கு எத்தனை படம் போகிறது என்று எதையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் எதைச் சொல்வது? விற்பனை வரி பெரும்பாலும் நீங்கள் எதற்காக வரைகிறீர்கள் என்று பார்ப்பதில்லை. விற்பனை நடந்ததா என்று பார்க்கும். கேலரி தன் பெயரில் பில் போட்டு விற்றால் வரியை வசூலிப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் அதன் வேலை. சந்தையில் நீங்களே மேசை போட்டு விற்றால் நீங்கள்தான் வியாபாரி. சிறு விற்பனையாளருக்கு ஒரு வரம்புவரை விலக்குத் தருகிற நாடுகள் பல உண்டு. உங்கள் இடத்தின் வரம்பை வரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, வருமான வரி இதிலிருந்து வேறு. இரண்டையும் குழப்பி மாதம் நாலு கடிதமாவது வருகிறது.

கேள்வி: ஃபிரேம் செலவு யார் தலையில்?

பேசவில்லை என்றால் உங்கள் தலையில். விலை 8,000, அதில் ஃபிரேம் 2,000. மொத்தத்தில் பாதி என்றால் கைக்கு வருவது 4,000. ஃபிரேம் போக மிஞ்சுவது 2,000. ஃபிரேமை முதலில் கழித்துவிட்டு மீதி 6,000-ஐப் பங்கு போட்டால் மிஞ்சுவது 3,000. ஃபிரேமை முதலில் கழிக்க வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் ஒப்பந்தத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: பதினான்கு படங்களைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. கேலரி பூட்டிக் கிடக்கிறது, போன் எடுப்பதில்லை. தெரிந்தவர் என்பதால் எதுவும் எழுதி வாங்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் எனக்கும் இது நடந்தது. நான் படம் கொடுத்திருந்த ஒரு கேலரி வாடகை பாக்கியில் மூடியது. கட்டட உரிமையாளர் பூட்டுப் போட்டுவிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் என் நீர்வண்ணம் ஒன்று எதிர்ச் சுவரிலேயே தெரிந்தது. என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய பெயரும் பழைய புகைப்படமும்தான் கடைசியில் காப்பாற்றின. அதுவும் ஒன்பதில் ஆறுதான் திரும்பின.

முதலில் செய்ய வேண்டியது. பதினான்கின் பெயர், அளவு, கொடுத்த தேதி, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்குங்கள். அவர் அனுப்பிய குறுஞ்செய்தி எதிலாவது படங்களைப் பற்றிப் பேச்சு இருந்தால் அதுவே சாட்சி, அழித்துவிடாதீர்கள். கேலரிக்காரருக்கும், கட்டட உரிமையாளருக்கும், திவால் என்று ஆகியிருந்தால் சொத்தைக் கையாள நியமிக்கப்பட்டவருக்கும் ‘இவை என் உடைமை’ என்று பதிவுத் தபாலில் உடனே எழுதுங்கள். ஏலப் பட்டியலில் ஏறிய பிறகு மீட்பது பெரும்பாடு.

விற்பனைக்காக ஒப்படைத்த படம் விற்கும்வரை உங்களுடையதுதான். ஆனால் கேலரிக்குக் கடன் கொடுத்தவர் கண்ணுக்குக் கடைக்குள் இருப்பதெல்லாம் கடைக்காரர் சரக்கு. இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் நியூயார்க் மாநிலம் 1966-ல் ஓவியரின் படமும் விற்ற பணத்தில் அவர் பங்கும் கேலரியிடம் நம்பி ஒப்படைத்த சொத்தாக இருப்பவை என்று சட்டம் போட்டது. பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் காகிதம்தான் சட்டம். கன்சைன்மென்ட் சீட்டு, அதாவது விற்பனைக்காக ஒப்படைத்ததற்குக் கேலரி எழுதித் தரும் சீட்டு, இல்லாமல் ஒரு படமும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! தலைப்பு, அளவு, விலை, கமிஷன், எத்தனை மாதம், விற்ற எத்தனை நாளில் பணம், உடைந்தால் யார் பொறுப்பு: ஒரு பக்கம் போதும். தெரிந்தவரிடம்தான் முதலில் வாங்க வேண்டும். அந்நியரிடம் எப்படியும் வாங்கிவிடுவீர்கள்.

கேள்வி: என்னைக் கேட்காமல் இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்துவிட்டார்கள்.

தள்ளுபடி போன விலையில் கமிஷன் கணக்கிட்டால் நட்டம் இருவருக்கும் பாதிப் பாதி. முழு விலையில் பாதியைக் கமிஷனாக எடுத்திருந்தால், 8,000-க்குப் போன 10,000 படத்தில் கமிஷன் 5,000 போக உங்களுக்கு 3,000தான் வந்திருக்கும், சண்டை போடுங்கள். அடுத்த சீட்டில் ‘பத்து சதவீதத்துக்கு மேல் என்றால் என்னைக் கேட்டு’ என்று சேருங்கள்.

கேள்வி: கேலரியில் பார்த்தவர் நேரே வீட்டுக்கு வந்து குறைத்துக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. எங்கே விற்றாலும் ஒரே விலை.

கேள்வி: படத்தை வாங்கியவர் அதைக் காலண்டரில் அச்சிடப் போகிறாராம்.

நீங்கள் விற்றது கேன்வாஸை. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்காதவரை பெரும்பாலான நாடுகளில் அது உங்களிடமே இருக்கிறது. அனுமதி கேட்டு வரச் சொல்லுங்கள். எத்தனை பிரதி, என்ன கட்டணம் என்று பேசி, அதையும் எழுதி வாங்குங்கள்.