வாசகர் கேள்வி – பதில்: எரிவாயுச் சந்தையில் புதியவர்களும் பழையவர்களும்

கேள்வி: மொசாம்பிக், செனகல் போன்ற நாடுகளில் ஏராளமான இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, கத்தாரிடம் 2048 வரை வாங்குவதாக நாம் ஏன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: கடலுக்கடியில் எரிவாயு இருப்பது வேறு, அது கப்பலேறி நம் துறைமுகத்துக்கு வந்து சேர்வது வேறு. எரிவாயுவை ஏறத்தாழ மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால்தான் அது திரவமாகி, கன அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்கான ஆலையைக் கட்டப் பல்லாயிரம் கோடி ரூபாய் தேவை. இருபது ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக நம்பத்தகுந்த ஒருவர் கையெழுத்திட்டிருப்பதைப் பார்க்காமல் வங்கிகள் அவ்வளவு பெரிய கடனைத் தருவதில்லை. எனவே புதியவர்களும் பழையவர்களும் உண்மையில் போட்டியிடுவது அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

இதில் கத்தார் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஈரானுடன் பகிர்ந்துகொள்ளும் அதன் ‘வடக்கு வயல்’ என்னும் கடலடி எரிவாயு வயல் உலகிலேயே மிகப் பெரியது. எரிவாயுவோடு சேர்ந்து வெளிவரும் கண்டன்சேட் என்னும் இலகு எண்ணெயை விற்றே செலவின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட முடிகிறது. ராஸ் லஃபானில் துறைமுகமும் ஆலைகளும் ஏற்கெனவே இருப்பதால், புதிய அலகுகளை அவற்றின் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருந்த உற்பத்தித் திறனை 2030க்குள் 14.2 கோடி டன்னாக உயர்த்தப்போவதாக 2024 பிப்ரவரியில் அது அறிவித்தது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் வீதம் 2028 முதல் 2048 வரை வாங்குவதற்கு நமது பெட்ரோநெட் நிறுவனம் ஒப்பந்தமிட்டதும் அதே மாதத்தில்தான். அந்த அறிவிப்பு வாங்குவோருக்காக மட்டும் செய்யப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னும் கடன் தேடிக்கொண்டிருக்கும் நாடுகளிடம், நீங்கள் வந்து சேர்வதற்குள் சந்தை நிரம்பிவிடும் என்று சொல்லும் எச்சரிக்கையும் அதில் இருந்தது.

மொசாம்பிக்கின் கதை வேதனையானது. ரோவுமா படுகையில் 2010ஆம் ஆண்டிலேயே பெரும் வளம் கண்டறியப்பட்டது. அங்கே கரையில் அமையும் ஆலைத் திட்டத்தில் ஓ.என்.ஜி.சி. விதேஷ் உள்ளிட்ட இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சேர்த்து 30 விழுக்காடு பங்கும் உண்டு. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையைத் தொடாமல் சரக்கு நேராக இந்தியாவுக்கு வரலாம் என்பது கத்தாருக்கு இல்லாத வசதி. ஆனால் 2021 மார்ச்சில் ஆயுதக் குழுவினர் அந்த ஆலைத் தளத்துக்கு அருகிலுள்ள பால்மா நகரைத் தாக்கினர். அடுத்த மாதமே, திட்டத்தை நடத்திவந்த பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் பணிகளை நிறுத்திவிட்டது. அவ்வாறு வீணான ஆண்டுகளில், வாங்குவோர் கத்தாரையும் அமெரிக்காவையும் நாடிப் போய்விட்டனர்.

கேள்வி: அப்படியானால் புதிதாக வருபவர்களுக்கு வாய்ப்பே இல்லையா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: உண்டு. அமெரிக்காவே அண்மைக்காலம் வரை புதியவர்தான். எரிவாயுவை இறக்குமதி செய்வதற்காகக் கட்டப்பட்ட லூசியானாவின் சபின் பாஸ் முனையம் ஏற்றுமதிக்கு மாற்றப்பட்டு, 2016 பிப்ரவரியில் அங்கிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. 2023இல் அந்த நாடு உலகின் முதலிட ஏற்றுமதியாளராகிவிட்டது. பழைய ஏற்றுமதியாளர்கள் பெரும்பாலும் கச்சா எண்ணெயின் விலையோடு எரிவாயு விலையைப் பிணைத்திருந்தார்கள். வாங்கியவர் சரக்கை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடவும் தடை விதித்திருந்தார்கள். அமெரிக்கர்கள் தங்கள் உள்நாட்டு எரிவாயுச் சந்தையின் விலையை அடிப்படையாக வைத்ததோடு, சரக்கை விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகவும் அனுமதித்தனர்.

ஆப்பிரிக்க நாடுகள் வேறொரு வழியைப் பிடித்திருக்கின்றன. மொசாம்பிக்கின் கோரல் சுல் என்னும் மிதக்கும் ஆலை, கரையில் நடக்கும் வன்முறைக்கு எட்டாத தொலைவில் நின்று, 2022 நவம்பரில் முதல் சரக்கை அனுப்பியது. செனகல் – மௌரிடானியா எல்லைக் கடலில் உள்ள டோர்ட்யூ திட்டம் 2025 ஏப்ரலில் அதைச் செய்தது. ஆண்டுக்குச் சில பத்து லட்சம் டன் என்ற சிறிய அளவுதான் என்றாலும், முதலீடு குறைவு, வருமானம் விரைவு.

வளம் கிடைத்தாலே ஏற்றுமதியாளராக நீடித்துவிட முடியாது என்பதற்கு எகிப்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2015இல் ஸோர் என்னும் மாபெரும் வயலைக் கண்டறிந்த அந்த நாடு, சொந்த மக்களின் தேவை பெருகியதாலும் உற்பத்தி சரிந்ததாலும் 2024இல் மீண்டும் இறக்குமதிக்குத் திரும்பிவிட்டது.

கேள்வி: எண்ணூர் முனையத்தின் எரிவாயுவை நம்பியிருக்கும் எங்கள் பகுதி ஆலைகளுக்கு இந்தப் போட்டியால் என்ன பயன்? (வாசகர், மணலி)

பதில்: புதிய நாட்டின் கப்பல் எண்ணூருக்கே வர வேண்டும் என்பதில்லை, அது உலகில் எங்கேனும் சரக்கை இறக்கினாலும் உங்களுக்குப் பயன் உண்டு. 2015இல் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்து, எரிவாயுவும் தாராளமாகக் கிடைத்தபோது, பெட்ரோநெட் தன் கத்தார் ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரத்தையே மாற்றி எழுதச் செய்தது; விலை ஏறத்தாழப் பாதியாகியது. மாறாக, 2022இல் ரஷ்யக் குழாய்வழி எரிவாயு குறைந்து, ஐரோப்பியர்கள் கிடைத்த கப்பல்களையெல்லாம் அதிக விலைக்கு வளைத்துப் பிடித்தபோது, இந்திய ஆலைகள் பல வேறு எரிபொருள்களுக்கு மாற நேர்ந்தது. எண்ணூர் முனையத்தின் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதில் எவ்வளவு பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது இந்த உலக விலைதான்.

கேள்வி: காவிரிப் படுகை எரிவாயுவை நாமும் ஏற்றுமதி செய்ய முடியாதா? (வாசகர், அடையாறு)

பதில்: முடியாது. நாட்டின் தேவையில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம். காவிரிப் படுகையில் கிடைப்பது வழுதூர், கோவில்களப்பால் போன்ற ஊர்களின் மின்நிலையங்களுக்குப் பயன்படும் அளவிலானது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு இடமளிக்கவும் இல்லை.