‘நான் தோசை பிடிக்கிறேன்’ என்பதில் என்ன பிழை?

கேள்வி: என் மருமகள் லக்னோவைச் சேர்ந்தவர், தாய்மொழி இந்தி. ஆங்கிலம் வழியாகத் தமிழ் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு மாதமாகப் படித்து வருகிறார். தண்ணீர் பிடிக்கிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, தோசை பிடிக்கிறது, இவையெல்லாம் ஒரே சொல்தானா என்று கேட்கிறார். ‘நான் தோசை பிடிக்கிறேன்’ என்று அவர் சொல்லும்போது பிழை என்று தெரிகிறதே தவிர, ஏன் பிழை என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பதில்: ஒரே சொல்தான். ஆனால் பொருள்களை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அந்த வரிசைக்கு முடிவே இராது. வாக்கியத்தில் ஆள் எந்த வேற்றுமையில் நிற்கிறார் என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ‘நான்’ என்று எழுவாயாக நின்றால், பிடிப்பவர் அவரே. குழாயடியில் தண்ணீர் பிடிப்பது, குடை பிடிப்பது, பந்தியில் இடம் பிடிப்பது, வாடகைக்கு வீடு பிடிப்பது, குழந்தை அடம் பிடிப்பது ஆகிய எல்லாவற்றிலும் முயற்சி அவரிடமிருந்தே புறப்படுகிறது. ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நின்றாலோ, அவர் எதையும் செய்வதில்லை. ஏதோ ஒன்று அவரிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது. சளியும் அப்படித்தான் வருகிறது, தோசை மீதான விருப்பமும் அப்படித்தான் வருகிறது. எனவே அவருடைய வாக்கியத்தைக் கேட்பவர் மனத்தில், கல்லிலிருந்து பறந்து வரும் தோசையை அவர் இரு கையாலும் ஏந்தும் காட்சிதான் எழும்.

இதில் குறை சொல்ல வேண்டியது அந்தப் புத்தகத்தின் வழியைத்தான். இந்தியில் விருப்பத்தைச் சொல்லும்போதும் சளி பிடித்ததைச் சொல்லும்போதும் அவர் ‘முஜே’ என்றுதான் தொடங்குவார். ஆங்கிலத்தைச் சுற்றி வருவதால் அது ‘நான்’ ஆகிவிடுகிறது. இந்த இரண்டு இடத்திலும் ‘முஜே’ வந்தால் ‘எனக்கு’ என்று சொல்லிக்கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வினை எப்போதும் ‘பிடிக்கும்’, ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று அஃறிணை முடிபிலேயே நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து அவர் தடுமாறக்கூடிய இடம் ‘பிடிக்கும்’, ‘பிடித்திருக்கிறது’ என்ற வேறுபாடு. முன்னது நிலையான விருப்பம். பின்னது இப்போது பார்த்ததில் அல்லது சுவைத்ததில் பிறந்த விருப்பம். பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் ‘பெண் பிடித்திருக்கிறதா?’ என்றுதான் கேட்கிறோம்; ‘பெண் பிடிக்குமா?’ என்று கேட்டால் சண்டை வரும். விரும்பப்படுவது பொருளாக இருந்தால் ‘எனக்குத் தோசை பிடிக்கும்’ என்று உருபில்லாமல் சொல்லலாம். குறிப்பிட்ட ஓர் ஆளைச் சொல்லும்போது ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’ என்று ‘ஐ’ உருபு வேண்டும்.

ஆளே இல்லாத வாக்கியங்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. இரும்பு துருப்பிடிக்கிறது, பால் அடிப்பிடிக்கிறது, குடம் பத்து லிட்டர் பிடிக்கிறது, வேலை முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. (இப்போது பலரும் ‘நேரம் எடுக்கும்’ என்கிறார்கள், ‘பிடிக்கும்’ அல்லது ‘ஆகும்’ என்பதே என் காதுக்கு இயல்பாக இருக்கிறது.) இவற்றைப் பேச்சில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ளட்டும். வீட்டில் ஓர் அகராதி வேண்டுமென்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருத்தமானது. அதில் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உண்டு.

துணைவினை சேரும்போது பொருள் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ‘அத்தைக்குக் கால் பிடித்துவிட்டேன்’ என்று உங்கள் மருமகள் சொன்னால், வலித்த காலை அமுக்கிவிட்டார் என்று பொருள். ‘அத்தையின் காலைப் பிடித்தேன்’ என்று சொன்னால், உங்களிடம் எதற்காகவோ கெஞ்சினார் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொள்வார்கள். இதை மட்டும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.