அப்பாவிடம் சொல்லும் மணிக் கணக்கு

கேள்வி: எனக்கு 21 வயது. பெங்களூரு முருகேஷ்பாளையாவில் வீடு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்காக ஜக்கூரில் பயிற்சி எடுக்கிறேன். 28 மணி நேரம் பறந்துவிட்டேன். என்னோடு சேர்ந்த இரண்டு பேர் சோலோ போய்விட்டார்கள். என்னை மட்டும் இன்ஸ்ட்ரக்டர் இன்னும் தனியாக அனுப்பவில்லை. லேண்டிங்கில் தரையை நெருங்கும்போது விமானம் மறுபடி மேலே எழும்புகிறது, இல்லாவிட்டால் தொப்பென்று விழுகிறது. அப்பா எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பணம் முழுக்க எனக்காகப் போட்டு, வீட்டின் மேல் கடனும் வாங்கியிருக்கிறார். தினமும் சாயங்காலம் "இன்னைக்கு எவ்வளவு நேரம்ப்பா?" என்று கேட்பார். மழையில் பறக்காத நாளிலும், அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று ஒரு மணி நேரம் என்று சொல்லிவிடுவேன். என் கவலை லேண்டிங்தான். இன்ஸ்ட்ரக்டரை மாற்றித் தரச் சொல்லலாமா? இந்தத் தொழில் எனக்குச் சரிப்படுமா?
– பெயர் வேண்டாம், பெங்களூரு.

பதில்: தம்பி, லேண்டிங் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பயப்பட எதுவும் இல்லை. சோலோவுக்குப் பலருக்கு 15-லிருந்து 25 மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தரையைத் தொடும் முன் விமானத்தின் மூக்கை லேசாகத் தூக்குகிற ஃப்ளேர் சமயத்தில் உன் பார்வை அந்த மூக்குக்கு நேர் கீழே இருக்கிற தரையில் இருந்தால் உயரம் பிடிபடாது. ரன்வேயின் மறுகோடியைப் பார். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம், காற்று மெலிசு. அதனால் மீட்டரில் அதே வேகம் காட்டினாலும் இங்கே தரை கொஞ்சம் வேகமாகவே ஓடும். விமானம் மேலே எழும்பிவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் பவர் கொடுத்து ஒரு சுற்று சுற்றி வா. இதையெல்லாம் உன் இன்ஸ்ட்ரக்டரும் சொல்லியிருப்பார்.

என்னை உறுத்துவது வேறு. லேண்டிங்குக்காக அவ்வளவு கவலைப்பட்டவன், அப்பாவிடம் சொல்லும் பொய்யை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய், அதுவும் ஏதோ அவருக்கு நல்லது செய்வது போல. அரியர் வைத்ததை மறைத்த இன்ஜினியரிங் பிள்ளைகள், வேலை போனதைச் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிய மகன்கள் என்று எனக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் இதே வாக்கியம் இருக்கும்: "அவர் மனசு கஷ்டப்படக் கூடாது." அவர் மனசைக் காப்பாற்றவா பொய் சொன்னாய்? அவர் முகம் வாடுவதைப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லை, அதற்காகச் சொன்னாய். இதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதே.

நீ யாரிடம் பொய் சொல்கிறாய் என்று யோசித்தாயா? விமானத்தில் ஒரு போல்ட்டை முறுக்கினாலும் முறுக்கியவர் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பா ஆயுசு முழுக்க அந்த ஒழுங்கில் வேலை பார்த்தவர். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டால் யாரோ ஒரு விமானியின் உயிர் போகும் என்று தெரிந்தவர். முருகேஷ்பாளையாவிலிருந்து ஜக்கூர் ஒன்றும் வேறு தேசத்தில் இல்லை. ஊர் முழுக்க மூடிக்கொண்டு மழை பெய்த நாளில், கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய சின்ன விமானம் எழும்பாது என்பது அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். உன் பதிலைக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் உள்ளே போகிறார் என்றால், தெரிந்துதான் போகிறார் என்று நான் நினைக்கிறேன்.

தெரியவில்லை என்றால் இன்னும் மோசம். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நேரம் நீயே கமாண்டராகப் பறந்ததாக இருக்க வேண்டும். உன் அப்பா தினமும் அந்த 200-லிருந்து கழித்துக்கொண்டே வருவார். கடன் எப்போது தீரும், மீதிப் பணம் போதுமா என்று அவர் போடும் கணக்கெல்லாம் நீ சொன்ன எண்ணை வைத்துத்தான். பறந்த நேரத்தை எழுதி வைக்கும் லாக்புக்கில் 28. அவர் மனசில் எத்தனை? 40-ஆ? 45-ஆ? நீ எழுதவில்லை, ஒருவேளை உனக்கே தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் ஆயிரக்கணக்கில் செலவாகிற படிப்பு இது. வீட்டை அடமானம் வைத்த மனிதரைத் தப்பான கணக்கில் உட்கார வைத்திருக்கிறாய். பிள்ளை லேண்டிங்கில் தடுமாறினால் அப்பா தாங்கிக்கொள்வார், தம்பி. இதை எப்படித் தாங்குவார்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் நம் நாட்டில் கைதானார்கள். பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த விவகாரமும் அதே வருஷம் ராஜஸ்தானில் வெளியே வந்தது. நீ அவர்களைப் போன்றவன் என்று நான் சொல்லவில்லை, உன் லாக்புக் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பறக்காத ஒரு மணி நேரத்தைப் பறந்ததாகச் சொல்ல உன் வாய்க்குப் பழகிவிட்டது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்கும்போது என்ன சொல்கிறாய்? "இல்லை சார், ஓகே சார்" என்றுதானே? லேண்டிங் பயத்தை எனக்கு எழுதினாய். அவரிடம் சொன்னதாக உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! பயத்தை மறைக்கிற பையனை எந்த இன்ஸ்ட்ரக்டர் தனியாக மேலே அனுப்புவார்? அவரை மாற்றக் கேட்காதே. முதலில் அவரிடம் உண்மையைச் சொல். அப்புறமும் சரிவரவில்லை என்றால், தலைமை இன்ஸ்ட்ரக்டரே ஒரு முறை உன்னோடு பறந்து பார்க்கட்டும் என்று கேள், அது நியாயமான கேள்வி.

குடும்பக் கடமை என்றால் சம்பாதித்துப் போடுவது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வேலை கிடைத்து, யூனிஃபார்ம் போட்டு, கடனை அடைத்த பிறகுதான் மகன் ஆவோம் என்று ஒரு எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பாவின் பி.எஃப். பணத்தை வாங்கிய அன்றைக்கே உன் கடமை ஆரம்பித்துவிட்டது. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று அவருக்கு உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும்.

அதனால் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லாக்புக்கை எடுத்து அவர் முன்னால் வை. அம்மாவும் இருக்கட்டும். பொய் சொன்னேன் என்ற வார்த்தையைச் சொல், "தப்பாச் சொல்லிட்டேன்" என்று மழுப்பாதே. திட்டுவார். திட்டட்டும், குறுக்கே பேசாதே. பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து எவ்வளவு செலவாகியிருக்கிறது, எவ்வளவு மீதி, 172 மணி நேரத்துக்கு அது போதுமா என்று எழுதிப் பாருங்கள். போதாது என்று தெரிந்தால் இப்போதே தெரியட்டும். சில மாதம் பறப்பதை நிறுத்திவிட்டு நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் பேப்பர்களை எழுதி முடிக்கலாம், அவற்றுக்கு விமானமும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். மழை மாதங்களுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

உன் அப்பா இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. அய்யா, "எவ்வளவு நேரம்" என்று தினமும் கேட்காதீர்கள். "இன்னைக்கு எங்கே தடுமாறினே?" என்று கேளுங்கள். ரிவெட் அடிக்கக் கற்றுக்கொண்ட முதல் வருஷத்தில் நீங்கள் பாழாக்கிய தகடுகளைப் பற்றியும் அவனிடம் சொல்லுங்கள்.