விசா குத்தினால் உடனே விமானம் ஏற வேண்டுமா?

கேள்வி: திருமணமாகி 20 மாதம் ஆகிறது. கணவர் அமெரிக்கக் குடிமகன், டாலஸில் வேலை. அடுத்த மாதம் மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எனக்கு நேர்காணல். அது முடிந்து நாலு மாதத்தில் தங்கையின் நிக்காஹ். நேர்காணலையே தள்ளிப்போடச் சொல்கிறார் உம்மா. வந்த தேதியை விடாதே, முடிந்ததும் கிளம்பு என்கிறார் மாமி (கணவரின் உம்மா). விசா குத்தினால் இரண்டு மாதத்துக்குள் போயே ஆக வேண்டும் என்கிறார் துபாயில் இருக்கும் மாமா. மச்சானை, அதாவது கணவரைக் கேட்டால், 'உன் இஷ்டம்' என்கிறார். நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: கீழக்கரையில் விசா பேசாத வீடு கிடையாது. ஆனால் பேசுவதெல்லாம் வளைகுடா விசா. மாமாவின் இரண்டு மாதக் கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். உங்களுக்குக் கிடைக்கப்போவது குடியேற்ற விசா, அதன் கணக்கு வேறு.

நேர்காணல் தேதியைத் தொடாதீர்கள். அந்த மட்டும் மாமி சொல்வது சரி. விட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நேர்காணலுக்குப் போய் வந்தவுடன் பெட்டி கட்ட வேண்டியதில்லை. இந்த விசா பொதுவாக 6 மாதம் வரை செல்லும். அதில் அச்சிட்ட கடைசித் தேதிக்குள் அமெரிக்காவில் இறங்கினால் போதும்.

அந்த 6 மாதம் எங்கிருந்து ஓடுகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விசாவின் ஆயுள் மருத்துவப் பரிசோதனையின் ஆயுளைத் தாண்டாது. முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று இரண்டு மாதம் முன்னால் பரிசோதனைக்குப் போனால் அந்த இரண்டு மாதம் உங்கள் கணக்கில் கழியும். ரொம்பவும் கடைசியில் வைத்துக்கொண்டாலும் வம்பு. எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு 8 வாரம் வரை ஆகும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்னால் என்பது உங்களுக்குச் சரியாக இருக்கும். தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும், ராமநாதபுரத்தில் எடுத்த அறிக்கை செல்லாது. பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில தடுப்பூசிகளை அந்த நேரத்தில் போட மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால் 2 ஆண்டுக்கான நிபந்தனைப் பச்சை அட்டைதான் (கிரீன் கார்டு) தருவார்கள். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து இன்னொரு மனுப்போட்டு, குடும்பம் நடத்துவதற்கான ஆதாரங்களை அடுக்க வேண்டும். கட்டணமும் உண்டு. 2 ஆண்டு நிறைந்தபின் நுழைந்தால் நேராக 10 ஆண்டு அட்டை, அந்த அலைச்சல் இல்லை.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். நேர்காணலின்போது 21 மாதம். மூன்று மாதத்தில் 2 ஆண்டு நிறைகிறது. அதற்கு அடுத்த மாதம் நிக்காஹ். அதன்பிறகும் விசாவில் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். உம்மாவுக்கும் பிள்ளை கல்யாணத்தில் நிற்கும், உங்களுக்கும் நல்ல அட்டை. விசாவில் 'சிஆர்1' என்றுதான் அச்சாகியிருக்கும், அது 2 ஆண்டு நிபந்தனை அட்டைக்கான குறி. சார்பதிவாளர் தந்த திருமணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, 2 ஆண்டு முடிந்துவிட்டது என்று விமான நிலைய அதிகாரியிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் 10 ஆண்டு அட்டைக்கான 'ஐஆர்1' என்று மாற்றிப் பதிவார். ஜமாஅத் பதிவேட்டின் நகலை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அதற்காகக் கடைசி நாள் வரை இழுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. விமானம் ரத்தாகும், காய்ச்சல் வரும். நிக்காஹ் முடிந்த பத்து, பதினைந்து நாளில் கிளம்புவதுபோல் டிக்கெட் போடுங்கள். ஆனால் விசா கைக்கு வந்து, அதிலுள்ள தேதியைப் பார்த்தபிறகு போடுங்கள். அப்புறம் பச்சை அட்டைக்கான 235 டாலர் கட்டணத்தைக் கிளம்பும் முன் இணையத்தில் கட்டிவிடுங்கள்.

மாமியிடம் இதையெல்லாம் நீங்கள் விளக்கப் போக வேண்டாம், தங்கை கல்யாணத்துக்காகச் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் காதில் விழும். 'உன் இஷ்டம்' என்று ஒதுங்கிக்கொண்ட மச்சானையே போன் போட்டு, 10 ஆண்டு அட்டை சமாச்சாரத்தை அவருடைய உம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள்.